பச்சை லேசர் பட்டால் நானோபடிகம் குளிர வேண்டாமா?

கேள்வி – முதுகலை மாணவி, திருப்பரங்குன்றம்

மதுரையில் முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வகத்தில் நாங்கள் தயாரித்த சீசியம் ஈய புரோமைடு நானோபடிகக் கரைசலில் 532 நானோமீட்டர் லேசரைச் செலுத்தினோம். வெளிவந்த ஒளி 515 நானோமீட்டரை ஒட்டி, அதாவது கொடுத்ததைவிட அதிக ஆற்றலுடன் இருந்தது. அந்தக் கூடுதல் ஆற்றல் படிகத்தின் வெப்பத்திலிருந்தே வருகிறது என்றார் பேராசிரியர். அப்படியானால் கரைசல் குளிர்ந்திருக்க வேண்டும். வெப்பமானியோ சற்று ஏறியது. என் புரிதலில் எங்கே பிழை?

மறுமொழி – ஓய்வுபெற்ற ஆசிரியர், மானாமதுரை

பேராசிரியர் சொன்னது சரிதான், அம்மா. 1929இல் இயற்பியலாளர் பிரிங்ஸ்ஹைம் முன்வைத்த கருத்து இது. ஒரே திசையில், ஒரே நிறத்தில் வரும் லேசர் ஒழுங்கு மிக்கது. எல்லாப் பக்கமும் பரவும் ஒளிர்வு ஒழுங்கு குறைந்தது. படிகம் குளிரும்போது இழக்கும் என்ட்ரோபியை, அதாவது ஒழுங்கின்மையை, அந்த ஒளிர்வே சுமந்து செல்வதால் வெப்ப இயக்கவியல் விதி மீறப்படுவதில்லை என்பதை 1946இல் இயற்பியலாளர் லாண்டாவ் விளக்கினார். எங்கள் ஊர் மண்பானையை எண்ணிப் பாருங்கள். வேகம் மிகுந்த மூலக்கூறுகள் ஆவியாகிப் போவதால்தான் எஞ்சிய நீர் குளிர்கிறது. உலர்ந்த சித்திரை வெயிலில் சில்லென்றிருக்கும் அதே பானை, ஈரக்காற்று வீசும் இராமேசுவரத்தில் அவ்வளவு குளிர்வதில்லை. ஒளியும் முழுமையாக வெளியேறினால்தான் வெப்பம் போகும்.

மறுமொழி – நானோபடிக ஆய்வாளர், பல்கலை நகர்

எவ்வளவு முழுமையாக என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், ஆற்றலும் 2.33 எலக்ட்ரான்வோல்ட், வெளிவருவது ஏறத்தாழ 2.41. ஒரு முறைக்குப் படிகம் இழக்கும் வெப்பம் 0.08 எலக்ட்ரான்வோல்ட்கூட இல்லை. ஆனால் கிளர்வுற்ற எலக்ட்ரான் மேற்பரப்புக் குறைபாடு ஒன்றில் சிக்கி ஒளிராமல் போனால், 2.33 முழுவதும் வெப்பமாகிவிடும்; முப்பது ஃபோட்டான்கள் சேர்த்த குளிர்ச்சி அந்த ஒரு தவறில் கரைந்துபோகும். ஆகவே குவாண்டம் திறன், அதாவது உறிஞ்சிய ஃபோட்டான்களில் மீண்டும் ஒளியாக வெளிவருபவற்றின் பங்கு, 97 விழுக்காட்டை எட்டினால்தான் நிகரக் குளிர்ச்சி உண்டு. அதோடு, அடர்ந்த கரைசலில் ஒரு படிகம் உமிழ்ந்ததை அடுத்தது உறிஞ்சும். ஒவ்வோர் உறிஞ்சலிலும் அந்த இழப்புக்கு மீண்டும் வாய்ப்பு உண்டு.

1995இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இட்டெர்பியம் கலந்த கண்ணாடி ஒளியால் குளிர்விக்கப்பட்டது. உங்கள் நானோபடிகம் போன்ற குறைக்கடத்திகளில் பாதை இன்னும் கடினம். 2013இல் கேட்மியம் சல்பைடு நானோபட்டை 40 கெல்வின் குளிர்ந்ததாகச் சிங்கப்பூர்க் குழு நேச்சர் அறிவியல் இதழில் அறிவித்தது. 2019இல் அதே இதழில் வெளிவந்த கட்டுரை அம்முடிவைக் கேள்விக்கு உள்ளாக்கியது. அதிக ஆற்றல் ஒளிர்வைக் கண்டதும் குளிர்ச்சி கிடைத்துவிட்டது என முடிவுகட்டுவது எனக்கு உடன்பாடானதன்று.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. கரைசலை நன்கு நீர்க்கச் செய்து, மறு உறிஞ்சலைக் குறைத்து, முதலில் குவாண்டம் திறனை அளக்கிறேன். அது 97ஐ எட்டிய பிறகே வெப்பமானியைத் தொடுவேன்.