பீஜ் போட்டால் பச்சை அடிக்கிறது, அவசர உதவி தேவை

குழம்பிய_கிளி:
நண்பர்களே, அவசரம். பீஜ் நிறம் போட்டிருக்கிறேன், ஆனால் லேசாகப் பச்சை அடிக்கிறது. முதலில் எனக்குத் தெரியவில்லை, கடைக்கார அண்ணாச்சி பார்த்துவிட்டு "ஏம்மா, மழைக்குப் பாசி புடிச்ச செவுரு மாதிரில்லா இருக்கு" என்று சொன்னதிலிருந்து எனக்கும் பச்சையாகவே தெரிகிறது. நாளைக் காலை காட்ட வேண்டும். என்ன செய்வது?

தூரிகை_மணி:
எத்தனை கோட் அடித்தீர்கள்? பிரைமர் போட்டீர்களா? ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறதா? எங்கள் வீட்டு ஹாலில் இதே கதைதான், வேப்பமரத்து வெளிச்சம் பகல் முழுக்கச் சுவரில் விழுந்து பச்சையாகவே காட்டும். ராத்திரியும் அப்படி இருந்தால் டியூப் லைட்டைப் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் எந்தப் பீஜும் செத்துப்போகும், 3000 பல்பு மாட்டிப் பாருங்கள்.

சிவகாசி_மை:
சுவர் என்று அவர் எங்கே சொன்னார்? அச்சு வேலையாகத்தான் இருக்கும். பீஜில் ஒவ்வொரு மையும் துளித்துளியாகத்தான் விழும், அதனால் சயான் கொஞ்சம் ஏறினாலே பச்சை, மெஜந்தா ஏறினால் ரோஸ். கல்யாணப் பத்திரிகையில் இதற்காக வாங்காத திட்டு இல்லை. தனி மையாகக் கலந்து ஓட்டச் சொல்லுங்கள். என்ன தாள்? ஆர்ட் பேப்பரா, மேப்லித்தோவா?

பழைய_பிக்சல்:
"சாம்பார் வைத்தேன், சரியில்லை, ஏன்?" என்று கேட்பது மாதிரி இருக்கிறது. எதில் போட்டீர்கள், என்ன எண், பக்கத்தில் என்ன நிறம்? இதை இங்கே எத்தனையாவது தடவை கேட்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

குழம்பிய_கிளி:
ஐயோ மன்னிக்கவும், இணையதளம்! சேலைக் கடைக்கு. பின்னணி முழுக்கப் பீஜ், மேலே அரக்கு நிறத்தில் பட்டை. எண் எல்லாம் போடவில்லை, பீஜ் என்று பெயரையே எழுதினேன், அது வேலை செய்ததே.

தூரிகை_மணி:
சரி, பிரைமர் டப்பாவை எடுத்துக்கொண்டு நான் கிளம்புகிறேன்.

இராக்கோழி:
அண்ணாச்சி போனில் இரவு வடிகட்டியைப் போட்டு வைத்திருப்பார். என் மாமனார் போனில் ஆறு மாதம் அது ஆனிலேயே இருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

பழைய_பிக்சல்:
அதைப் போட்டால் ஆரஞ்சு அடிக்கும், பச்சை அடிக்காது. கிளி, நீங்கள் எழுதிய பெயருக்கு உலாவி போடுவது 245, 245, 220, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவுகள் வரிசையாக. சிவப்பும் பச்சையும் சரிசமம், நீலம் மட்டும் குறைவு. அதாவது பெயர்தான் பீஜ், உள்ளே இருப்பது வெளிறிய எலுமிச்சை மஞ்சள். சூடு வேண்டுமென்றால் சிவப்பு மேலே, பச்சை ஒரு படி கீழே, நீலம் இன்னொரு படி கீழே இருக்க வேண்டும். 250, 235, 215 போட்டுப் பாருங்கள். பெயரைப் பார்த்துப் பெண் கொடுக்கிற ஆட்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

தறிக்காரன்_பேரன்:
விஷயம் சரி, அந்தக் கடைசி வரி தேவையில்லாதது. அவர் அரக்கை விட்டுவிட்டார். அடர்ந்த சிவப்புக்குப் பக்கத்தில் எந்த வெளிர் நிறத்தை வைத்தாலும் கண் அதில் பச்சையைச் சேர்த்துக்கொள்ளும். திரையில் அந்தப் பட்டையை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு பத்து வினாடி பாருங்கள், பாதிப் பாசி போய்விடும். சேலைக் கடையில் உட்கார்ந்து பழகியவருக்கு ஒரே சரிகை சேலை உடலின் நிறத்துக்கு ஏற்ப வேறு மாதிரி தெரிவது புதிதில்லை. அண்ணாச்சி கண் தப்பு சொல்லாது.

சிவகாசி_மை:
இதற்குத்தான் பீஜ் கீஜ் என்று சொல்லாமல் சந்தனம் என்று சொல்லுங்கள் என்பேன், குழப்பமே வராது.

தறிக்காரன்_பேரன்:
சந்தனத்தில் மஞ்சள் தூக்கலாக இருக்குமே. பீஜ் என்ற பிரெஞ்சுச் சொல் சாயம் போடாத, வெளுக்காத கம்பளியைக் குறித்தது. நம்மிடம் அதற்கு நேர் காடாத் துணிதான். புதுக் காடாவை வெயிலில் விரித்தால் தெரிவதுதான் பீஜ்.

இராக்கோழி:
எங்கள் வீட்டில் அது பிஸ்கட் கலர்.

சிவகாசி_மை:
காடா நிறத்தில் பத்திரிகை அடித்துக் கொடுத்தால் பெண் வீட்டார் என்னைச் சும்மா விடுவார்களா?

பால்வெளி:
பச்சை பீஜ் ஆன கதை ஒன்று உண்டு. 2002-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வானியலாளர்கள் இருவர் பிரபஞ்சத்தின் சராசரி நிறம் வெளிர்பச்சை கலந்த நீலம் என்று அறிவித்தார்கள். எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்பதில் மென்பொருள் தப்பு செய்திருந்தது. திருத்திப் பார்த்தால் 255, 248, 231. பீஜ்!

குழம்பிய_கிளி:
250, 235, 215 போட்டேன், பாசி போய்விட்டது, நன்றி. ஆனால் விலையை 210, 180, 140 என்ற நிறத்தில் எழுதியிருந்தேன், இப்போது படிக்கவே முடியவில்லை.

பழைய_பிக்சல்:
எப்படி முடியும்? எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 1.7 கூட வராது, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். 74, 52, 36 மாதிரி காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போங்கள், விகிதம் 10-க்குப் பக்கத்தில் வரும். கறுப்பு வேண்டாம், பீஜ் மேல் அது அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கும்.

தறிக்காரன்_பேரன்:
முதல் தடவையாக இவரோடு முழுசாக ஒத்துப்போகிறேன்.

குழம்பிய_கிளி:
காட்டிவிட்டேன். அண்ணாச்சிக்குப் பிடித்திருக்கிறது, "சந்தனம் மாதிரி இருக்கு" என்றார். அரக்கைத்தான் மாற்றச் சொல்கிறார்.

சிவகாசி_மை:
பார்த்தீர்களா, சந்தனம்!