மறுமொழி: அஞ்சு எதிரி விமானம் சுட்டு வீழ்த்தின விமானிக்குத் தமிழ்ல என்ன பேர்?

> 'வான்வீரர்'னே வெச்சுடலாமே, எல்லாருக்கும் புரியும்

வணக்கம் ஐயா. புரியும்தான், ஆனா ஆங்கிலத்துல 'ஏஸ்'னு சொல்ற இது வீரத்துக்குக் குடுக்கற பட்டம் இல்லீங்க, எண்ணிக்கைக்குக் குடுக்கறது. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானப்படையில பறந்த இந்திய விமானி இந்திர லால் ராய் பத்தின கட்டுரைக்குத்தான் இந்தச் சொல் வேணும், அதனால அவரையே வெச்சுப் பாப்போம். கல்கத்தாவுல பொறந்தவர், 1918 ஜூலை 6ல இருந்து 19க்குள்ள பிரான்ஸ் வான்பரப்புல எஸ்.இ.5ஏங்கற பிரிட்டிஷ் போர் விமானத்துல பறந்து 10 வெற்றி, அதுலயும் 8ஆம் தேதி நாலு மணி நேரத்துக்குள்ள மூணு, அப்புறம் 22ஆம் தேதி ஜெர்மன்காரங்களோட ஃபோக்கர் விமானங்களோட நடந்த சண்டையில போயிட்டார். வயசு 19தான். அவர்கூட 40ஆம் ஸ்குவாட்ரன்ங்கற விமானப் பிரிவுல பறந்தவங்க எல்லாருமே வான்வீரர்தானே, அப்ப இவரை எப்படித் தனியாச் சொல்றது?

இன்னொண்ணு, அந்த 10லயும் அஞ்சுதான் 'அழிஞ்சுது'ன்னு பதிவு. மீதி அஞ்சு கட்டுப்பாடு இழந்து கீழ போனது, தரையில மோதி நொறுங்கினதை யாரும் பாக்கல, ஆனா பிரிட்டிஷ்காரங்க அதையும் வெற்றிக் கணக்குல சேத்துக்கிட்டாங்க. ரெண்டு வெற்றியில மத்த விமானிகளுக்கும் பங்கு உண்டு. இதையெல்லாம் பிரிச்சுச் சொல்லணும்னா 'வீழ்த்தல்', 'கூட்டு வீழ்த்தல்', 'நிலைகுலைப்பு'ன்னு ஒரே குடும்பமா சொற்கள் வேணும்.

> அப்ப 'ஐவீழ்த்தர்'?

அஞ்சைச் சொல்லுக்குள்ள கட்டிப்போட வேணாம். பிரெஞ்சுக்காரங்க கணக்கு அஞ்சு, அதே போர்ல ஜெர்மன்காரங்க தங்களோட பெரிய விமானிகளைப் 'பீரங்கி'ன்னு கூப்பிட்டாங்க, அதுக்கு அஞ்சு பத்தாது. நம்ம பரணிங்கற போர்ப் பாட்டு வகையையே பாருங்க, போர்ல ஆயிரம் யானையை வென்றவன் மேலதான் பாடணும்னு இலக்கணம் இருக்கு, ஆனா பேர்ல ஆயிரமும் இல்ல யானையும் இல்ல.

> 'விமானவீழ்த்தி' சின்னதா அழகா இருக்கே

அழகுதான், ஆனா தரையில இருந்து விமானத்தைச் சுடற பீரங்கின்னு நினைச்சுக்குவாங்க.

என் பரிந்துரை 'வான்வீழ்த்துநர்'. ஓட்டுநர், இயக்குநர் மாதிரி ஆளைத்தான் குறிக்குதுன்னு கேட்டதுமே தெரியும், "10 வெற்றிகள் கொண்ட வான்வீழ்த்துநர்"னு கட்டுரையில தடங்கல் இல்லாம எழுதவும் வருது. 'நிலைகுலைப்பு' மட்டும் எனக்கு இன்னும் மனசு ஒப்பல, விமானம் சுத்திக்கிட்டே கீழ இறங்கறது அதுல தெரியலை. நல்ல சொல் இருந்தா யாராவது குடுங்க.