மறு: மறு: கிளீவேஜ்: பிளவா, வகிர்வா? (கனிமவியல் கையேடு)

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். முதலாண்டு கனிமவியல் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைமாதிரிகளை இனங்காணும் அட்டவணையில் மூன்று தலைப்புகள் இடறுகின்றன: கிளீவேஜ், பார்ட்டிங், ஃபிராக்சர். முதலாவது பாடநூல் வழக்கில் பிளவு, மூன்றாவது முறிவு. நடுவில் உள்ளதற்குப் பிரிவு என்று போட்டேன். "குருந்தத்தில் (கொரண்டம் என்னும் கடினக் கனிமத்தில்) பிளவு இல்லை, பிரிவு உண்டு" என்று படிக்கும் மாணவருக்கு என்ன விளங்கும்? பிளவுப் பள்ளத்தாக்கு, அணுக்கருப் பிளவு என்று இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே சுமை அதிகம்.

நிலவியல் ஆசிரியர்:

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கிளீவேஜ் என்பது படிகக் கட்டமைப்பில் பிணைப்பு நலிந்த தளங்கள் நெடுக உடையும் இயல்பு. அபிரகத்தில் சிலிக்கேட் ஏடுகளைப் பொட்டாசியம் அயனிகள் மெலிதாகவே பிடித்திருக்கின்றன. அதனால் ஒரே திசையில் உரிகிறது. கால்சைட்டில் மூன்று திசைகள், கோணம் ஏறத்தாழ 75°, 105°. ஃபுளோரைட்டில் நான்கு. குவார்ட்ஸில், நம் வெங்கச்சங்கல்லில், அப்படி நலிந்த தளம் இல்லாததால் கிளிஞ்சல் வளைவாக முறிகிறது.

பார்ட்டிங் வேறு. இரண்டு படிகங்கள் ஒட்டி வளர்ந்த இரட்டைப்படிகத் தளத்திலோ அழுத்தத்தால் நலிந்த தளத்திலோ மட்டும் அது நிகழும். கால்சைட்டை எவ்வளவு பொடித்தாலும் அதே சாய்சதுர வடிவம் வரும். குருந்தத்தில் அந்தத் தளங்கள் தீர்ந்தபின் வருவது முறிவுதான். ஒரு மாதிரியில் காண்பது இன்னொன்றில் இருக்காது.

இன்னொன்று: உடையாத கால்சைட்டுக்கும் கிளீவேஜ் உண்டு. பிளவு விளைவின் பெயர். இயல்பைக் குறிக்கப் 'பிளவுமை' வேண்டும்.

இலக்கண ஆர்வலர்:

ஐயா, பிளவு என்பதிலேயே தொழிற்பெயர் விகுதி இருக்கிறது. அதன் தலையில் மை விகுதி ஏற்றுவது தமிழ் இயல்பன்று. 'வகிர்' என்ற அருமையான வினை கையில் இருக்கிறதே! மாவடு வகிர் அன்ன கண் என்று திருவாசகம் சொல்கிறது. வகிர்ந்த வடுவின் முகம் எவ்வளவு வழவழப்பு! கிளீவேஜுக்கு வகிர்வு; பார்ட்டிங்குக்கு, தலைமுடியில் எடுக்கும் அதே வகிடு.

நிலவியல் ஆசிரியர்:

'ஒப்புமை' இருக்கிறதே அம்மா? ஒப்பு, அதன்மேல் மை. மேலும் வகிடு ஆங்கிலச் சொல்லின் நிழல். அங்கே தலைவகிடும் பார்ட்டிங் என்பதால் இங்கே கனிமமும் வகிடு எடுக்க வேண்டுமா?

சொற்பிறப்பு அன்பர்:

குருந்தம் என்ற பெயர் வந்துவிட்டதால் ஒன்று. கொரண்டம் என்று உலகம் சொல்வது நம் குருந்தம்தான். "குருவும் கெழுவும் நிறன் ஆகும்மே" என்பது தொல்காப்பிய உரியியல். மாணிக்கமும் குருந்த இனமே என்பதால், நிறம் என்ற பொருளுடைய குருவே இதன் வேர் என்பது என் துணிபு.

இலக்கண ஆர்வலர்:

துணிய முடியாது. குருந்த மரமும் இருக்கிறது; அதன் பூ வெள்ளை. குருவிந்தம் என்ற வடசொல்லோடு உள்ள உறவையும் விளக்கியாக வேண்டும். தனி இழையில் பேசுவோம்.

ஆய்வகப் பயிற்றுநர்:

சொல் எதுவானாலும் மாணவர் தவறும் இடம் இதுதான். குருந்தத்தின் தட்டையான முகத்தைக் கண்டு "பிளவு உண்டு" என்று எழுதி, ஃபெல்ட்ஸ்பார் என்று முடித்துவிடுகிறார்கள். நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பகுதியில் குருந்தமும் அனார்த்தைட் என்ற ஃபெல்ட்ஸ்பார் வகையும் ஒரே பாறையில் கிடைப்பதால் குழப்பம் கூடும். குவார்ட்ஸில் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள்: குருந்தம் (கடினம் 9) கீறும், ஃபெல்ட்ஸ்பார் (6) கீறாது. அடர்த்தி 4-ம் 2.7-ம் கையிலேயே தெரியும்.

பிளவைப் பார்க்க விளக்கடியில் மாதிரியை மெல்லச் சுழற்ற வேண்டும். படிப்படியாக உடைந்த பரப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னினால் அது ஒரு திசை. எண்ண வேண்டியது திசையை, முகத்தை அல்ல: கலீனா என்ற ஈயக் கனிமத்தின் கனசதுரத்தில் முகம் ஆறு, திசை மூன்று. அடுத்து, பார்வைக்கு ஒத்த கனிமங்களைப் பிரித்தறியக் கோணம்: ஆம்பிபோலில் 56°, 124°; பைராக்சீனில் 87°, 93°. இந்த அட்டவணைக்குத் தலைப்பாக வகிர்வு என்று போட்டால் மாணவர் முதலில் அகராதியைத் தேடுவார். பள்ளியில் படித்த சொல் பிளவு, அதுவே இருக்கட்டும்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

நேரம் இல்லை. பெரும்பாலோர் சொன்னபடி பிளவு, முறிவு. நடுவில் உள்ளதற்குத் 'தளப்பிரிவு', கீழே ஒரு வரி விளக்கம்: "எல்லா மாதிரிகளிலும் வராது, ஒன்றுக்கொன்று இணையான எல்லாத் தளங்களிலும் வராது." பிளவுமை முன்னுரையில் ஒருமுறை வரும்.

இலக்கண ஆர்வலர்:

தளப்பிரிவு தவறு ஐயா. பிளவும் தளத்தில்தான் நிகழ்கிறது. அந்தச் சொல் எதையும் வேறுபடுத்தவில்லை. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். சொல்லடைவிலாவது 'வகிர்வு, காண்க: பிளவு' என்று ஒரு வரிக்கு இடம் கொடுங்கள்.