சிறிய காரில் தூக்கிப்போடும் பயணமும் உள்ளே ஓயாத கடகடப்பும்: எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

கேள்வி: போரூர் ஏரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். சென்ற தை மாதம் சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 2018-ஆம் ஆண்டு வண்டி. அப்போது 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எஞ்சின், கியர், ஏசி எதிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் வண்டி மிகவும் தூக்கிப்போடுகிறது. அம்மாவுக்கு இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வாரத்தில் இரண்டு நாள் இயன்முறைச் சிகிச்சைக்காகப் போரூரிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துச் செல்கிறேன். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் தொடங்கியதிலிருந்து ஆற்காடு சாலை எப்படி இருக்கிறது என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும். வடபழனியைத் தாண்டுவதற்குள் அம்மா பின்இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, வலியை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்க்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

இதனுடன் மூன்று விதமான ஒலிகளும் இருக்கின்றன. மெதுவாகச் செல்லும்போது சிறு பள்ளங்களில் முன்பக்கம் இடப்புறத்தில் ‘டொக் டொக்’ என்று கேட்கிறது. டேஷ்போர்டில் பிற்பகல் நேரத்தில் மட்டும் கிறீச்சிடும் ஒலி வருகிறது. பின்பக்கத்தில் எப்போதும் லொடலொடவென்று ஏதோ ஆடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு பட்டறையில் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு பட்டறையில் டேஷ்போர்டின் இடுக்குகளில் ஸ்பாஞ்சு திணித்து அனுப்பினார்கள்; இரண்டே வாரங்களில் ஒலி திரும்பி வந்துவிட்டது. ‘சின்ன வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்பது மூன்றாவது இடத்தில் கிடைத்த பதில். முந்தைய உரிமையாளர் 14 அங்குல இரும்பு ரிம்களை எடுத்துவிட்டு 16 அங்குல அலாய் வீல்களைப் பொருத்தியிருக்கிறார் என்பதையும் குறிப்பிட வேண்டும். கையில் இருக்கும் பணம் அளவானது. எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே தேவையில்லை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: அயனாவரம் பழைய பட்டறை

சகோதரிக்கு வணக்கம். இருபத்தேழு ஆண்டுகள் பட்டறை வைத்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். காசு செலவில்லாத ஒன்றை நாளைக்கே செய்யுங்கள்: அம்மாவை முன்இருக்கையில் அமரவையுங்கள். சிறிய கார்களில் பின்இருக்கை ஏறத்தாழப் பின்சக்கரங்களுக்கு மேலேயே அமைந்திருப்பதால், அந்தச் சக்கரம் வாங்கும் அடி நேராக முதுகெலும்புக்கு வந்து சேர்கிறது. முன்இருக்கையோ இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது. வண்டி முன்னும் பின்னும் ஊசலாடும்போது அங்கே அசைவு குறைவு. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தைச் சற்றுத் தாழ்த்துங்கள். கனமான தலையணையை அடியில் வைக்க வேண்டாம். சீட் பெல்ட் இடுப்பெலும்பின் மேல் படியாமல் வயிற்றுக்கு ஏறிவிடும்.

அடுத்தது டயர். ஷாக் அப்சார்பரைப் பற்றிப் பேசுவதற்கு முன் டயரைப் பார்க்காத பட்டறையை நான் நம்ப மாட்டேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டி இருக்கும். உங்கள் வண்டிக்கு எத்தனை பாயிண்ட் (psi என்னும் காற்றழுத்த அளவு) காற்று என்று அதில் எழுதியிருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 36 பாயிண்டுக்குள்தான் வரும். பெட்ரோல் பங்க்கில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 38, 40 என்று ஏற்றிவிடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். சொந்தமாக ஒரு காற்றுமானி வாங்கி, வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அளந்து பாருங்கள். டயரின் வெப்பம் ஐந்தாறு டிகிரி உயர்ந்தாலே அழுத்தம் ஏறத்தாழ ஒரு பாயிண்ட் கூடிவிடும் என்பதால், கத்திரி வெயிலில் அண்ணா நகர் வரை ஓட்டிவிட்டு அளந்தால் அந்தக் கணக்கு உங்களை ஏமாற்றும்.

உங்கள் எழுத்தில் எனக்கு மிகவும் உறுத்திய செய்தி அந்த 16 அங்குல அலாய் வீல்தான். வழக்கமாக 165/80 R14 டயரை எடுத்துவிட்டு 195/55 R16 போடுவார்கள் (முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம்). சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் 620 மில்லிமீட்டரை ஒட்டியே வருவதால் கிலோமீட்டர் கணக்கில் மாற்றம் இராது; ஆனால் டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டரிலிருந்து 107-க்கு இறங்கிவிடும். பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச்சுவருக்குள் இருக்கும் காற்றுதான். அதில் 25 மில்லிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு ஷாக் அப்சார்பரைக் குறை சொல்வது நியாயமில்லை. டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் ‘3518’ என்பதுபோல் நான்கு இலக்கங்கள் இருக்கும், அது 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். தரையில் படும் பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

‘டொக் டொக்’ ஒலிக்கு நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் லிங்க் ராடின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறும்படி ஒரு வேகத்தடையை நேராகக் கடந்து பாருங்கள். பிறகு இடது சக்கரம் மட்டும் இறங்கும்படி ஒரு சிறு பள்ளத்தை மெதுவாகக் கடந்து பாருங்கள். வேகத்தடையில் அமைதியாகவும் ஒற்றைப் பள்ளத்தில் ஒலியாகவும் இருந்தால், வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியையும், ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் சேர்ந்த ஸ்ட்ரட்டையும் இணைக்கும் அந்த லிங்க் ராடின் உருண்டை மூட்டு தேய்ந்திருக்கிறது. இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறும்போது அந்தக் கம்பி முறுக்கப்படுவதில்லை என்பதே காரணம். மூட்டைக் காக்கும் ரப்பர் உறை கிழிந்து, மழைக்காலத்தில் தேங்கிய நீர் உள்ளே போனால் ஒரே பருவத்தில் மூட்டு போய்விடும். செலவு குறைந்த பாகம்தான். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வண்டி நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே ஒலி கேட்குமானால் ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியுடன் பிணைக்கும் ஸ்ட்ரட் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும்.

ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் வழிந்திருந்தாலோ, மேடு கடந்த பின் வண்டி இரண்டு மூன்று முறை ஊசலாடினாலோ மட்டும் மாற்றுங்கள். தேய்ந்த ஷாக் அப்சார்பரில் வண்டி படகுபோல ஆடும். நீங்கள் சொல்வதோ கல்போல இடிக்கும் வண்டி.

மறுமொழி: தாம்பரம் பயணி

மேலே ஐயா கீழ்ப்பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். வண்டிக்குள் எழும் ஒலிகளைப் பற்றி நான் எழுதுகிறேன். என் சொந்த வண்டியில் ஒரு கோடைக்காலம் முழுவதும் இதற்காகச் செலவிட்டிருக்கிறேன்.

லொடலொடப்பும் கிறீச்சொலியும் ஒரே நோயல்ல. இரண்டு பொருள்களுக்கு இடையே இடைவெளி இருந்து, அவை மோதிக்கொள்வதால் வருவது லொடலொடப்பு; அதற்கு இடைவெளியை நிரப்பும் மென்மையான நுரைப்பட்டையோ திருகை இறுக்குவதோ தீர்வு. இடைவெளியே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தியிருக்கும் இரண்டு பிளாஸ்டிக்குகள் ஒட்டியும் வழுக்கியும் உராய்வதால் வருவது கிறீச்சொலி. அங்கே ஸ்பாஞ்சைத் திணித்தால் அழுத்தம் கூடி ஒலியும் கூடும். உங்கள் டேஷ்போர்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். காலையில் இல்லாமல் பிற்பகலில் மட்டும் வருகிறது என்பதும் அதையே காட்டுகிறது: வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறது, பிளாஸ்டிக் எஃகைவிடப் பல மடங்கு விரிகிறது, உள்ளே தாங்கும் எஃகுச் சட்டம் அந்த அளவுக்கு விரிவதில்லை. அந்த ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, உராயும் விளிம்பில் ஃபெல்ட் துணி நாடாவை ஒரே ஒரு அடுக்காக ஒட்டச் சொல்லுங்கள். நிழலில் நிறுத்துவதும், கண்ணாடிக்கு உட்புறம் வெயில் தடுப்பு மடிப்பை விரிப்பதும்கூடக் கணிசமாக உதவும்.

பின்பக்க ஒலியைத் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள். குடை, தண்ணீர்ப் புட்டி, சில்லறைக் காசு, கிளவ் பாக்ஸில் உள்ள காகிதங்கள் உட்பட வண்டியைக் காலி செய்யுங்கள். ஏசி, பாட்டு இரண்டையும் நிறுத்திவிட்டு, வேறொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் அமருங்கள். ஒரே தெருவில் ஒரே வேகத்தில் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதல் சுற்றில் டிக்கியை மேலே மூடும் பலகையான பார்சல் டிரேயைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். அடுத்த சுற்றில் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாக்கியையும் அதன் கைப்பிடியையும் எடுத்துவிடுங்கள். பிறகு யாரும் அணியாத சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு தூணில் மோதாதபடி மாட்டிவையுங்கள். பின்இருக்கையின் சாய்மானத்தைப் பிடிக்கும் கொக்கி, அதன் தலைசாய்ப்பான், வெளியே நம்பர் பிளேட் ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. கதவுப் பக்கம் முனகினால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான டோர் பீடிங்கைத் துடைத்துவிட்டுச் சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவலாம். எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ ரப்பரைக் கெடுத்துவிடும்.

வண்டி நிற்கும்போதும் எஞ்சினின் ஒரு குறிப்பிட்ட சுழற்சியில் தகரம் அதிர்வதுபோல் கேட்டால், அது உள்ளே இல்லை. அடியில் சைலன்சர் குழாயின் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடாக இருக்கலாம்.

மறுமொழி: கொரட்டூர் வாசகி

ஒரு எச்சரிக்கை மட்டும். முன்பயணி ஏர்பேக் இருக்கும் டேஷ்போர்டு மூடியின் விளிம்பிலோ, பக்கச் சன்னல்களை மறைத்து விரியும் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் பக்கத் தூண்களின் மூடிக்குள்ளோ நாடாவையும் நுரையையும் யாரும் ஒட்ட அனுமதிக்காதீர்கள். விபத்தின்போது அந்த மூடி தடையின்றித் திறந்தாக வேண்டும். அம்மாவை முன்இருக்கைக்கு மாற்றப்போகிறீர்கள் என்பதால் இது இன்னும் முக்கியம். இருக்கையை டேஷ்போர்டிலிருந்து தள்ளியே வையுங்கள்.

வண்டியின் குறையோடு சாலையின் குறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படி வளைவாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் அரை மீட்டர்கூட இல்லாத அகலத்தில் செங்குத்தாக எழுப்பியிருப்பதை எந்தக் காரும் மென்மையாகக் கடக்காது. அங்கே நடைவேகத்துக்குக் குறைத்து, ஏறும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள்; பிரேக்கை அழுத்தியபடியே ஏறினால் முன்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பதால் அடி கூடுதலாக விழும்.

கேள்வி கேட்டவர்: போரூர் ஏரிக்கரை

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. குளிர்ந்த நிலையில் அளந்தபோது நான்கு டயர்களிலும் 41, 42 பாயிண்ட் இருந்தது. ஒட்டியில் 33 என்று எழுதியிருக்கிறது. அதைச் சரிசெய்த அன்றே வித்தியாசம் தெரிந்தது. டயர் ஐயா சொன்ன 195/55 R16 அளவுதான். அலாய் வீல்களை விற்று, அந்தப் பணத்துடன் இன்னும் கொஞ்சம் சேர்த்து, புதுப்பேட்டையில் 14 அங்குல இரும்பு ரிம்களைத் தேடிப் பிடித்து, புதிய 165/80 டயர்களைப் போட்டுவிட்டேன். பின்பக்க ஒலி ஜாக்கியின் கைப்பிடி என்பது இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது. பழைய துண்டு ஒன்றில் சுற்றிக் கட்டியதும் நின்றது. வேகத்தடைச் சோதனையில் ஐயா சொன்னபடியே நடந்தது. லிங்க் ராடு இரண்டையும் மாற்றினேன். ‘டொக்’ ஒலி போய்விட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை கீழ்ப்பாக்கம் போய்ச் சேரும்வரை அம்மா கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை.

ஆனால் ஒரு புதிய ஐயம். முன்சக்கரத்தைக் கீழிருந்து வண்டியுடன் பிணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் மூட்டு, அதாவது புஷ், வெடித்திருக்கிறது என்று காட்டினார்கள். நானும் கண்ணால் பார்த்துவிட்டு மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகு முன்பக்கம் முன்பைவிடச் சற்று விறைப்பாக இருப்பதுபோல் தோன்றுகிறது. புதிய ரப்பர் பழகும்வரை அப்படித்தான் இருக்குமா?

மறுமொழி: அயனாவரம் பழைய பட்டறை

அம்மா நலமாகச் சென்று வந்தது கேட்டு நிறைவாக இருந்தது, சகோதரி.

பழகும்வரை காத்திருக்க வேண்டாம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே போல்ட்டை முழுவதுமாக இறுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த புஷ்ஷின் உள்குழாயும் வெளிவளையமும் ரப்பரோடு ஒட்டியே வார்க்கப்பட்டவை; ரப்பர் முறுகித்தான் லோயர் ஆர்ம் மேலும் கீழும் அசைகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய அந்த நொடியிலேயே ரப்பர் முறுகிக்கொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு சிறு பள்ளத்தையும் அது எதிர்த்து நிற்கும்; சில மாதங்களில் கிழிந்தும் போகும்.

அதே பட்டறைக்குச் சென்று, போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் முழு எடையும் சக்கரங்களில் இறங்கியபின், முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, அந்த நிலையில் குறிப்பிட்ட டார்க் (இறுக்கும் திருப்புவிசை) அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். நான்கு சக்கரங்களும் மேடையில் நிற்கும் வகை லிஃப்ட் இருந்தால் அரை மணி நேர வேலை. வீல் அலைன்மென்ட்டை அதற்குப் பிறகே பாருங்கள். ஏற்கெனவே பார்த்திருந்தாலும் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும்.