மாருதி 800: ஆக்ஸிலைக் கழற்றாமல் சிவி ஜாயின்டுக்கு கிரீஸ் அடைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. ஊர் கானாடுகாத்தான். வண்டி மாருதி 800, 2008 மாடல். முன் ஆக்ஸில் சிவி ஜாயின்டுகளுக்கு (சக்கரம் திரும்பினாலும் எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் இணைப்புகள்), சத்தம் வருவதற்கு முன்பே வீட்டில் வைத்துப் புது கிரீஸ் போட ஆரம்பித்து, பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கோளாறு எதுவும் இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தேன், டக்டக் சத்தம் கிடையாது. ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட்டை (boot), துடைத்து மடிப்பு மடிப்பாக டார்ச் அடித்துப் பார்த்தேன், வெடிப்போ கிழிசலோ இல்லை. ஆனால் இடதுபக்க வெளி ஜாயின்டில், பூட்டின் குறுகிய முனையை இறுக்கும் சின்ன கிளாம்ப் ஓரமாக கிரீஸ் கசிந்து, அதன்மேல் எங்கள் ஊர் செம்மண் அப்பிக் கெட்டியாகக் கிடக்கிறது. அந்த மண் உள்ளே போனால் ஜாயின்டுக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகளை அரைத்துவிடும்.

காரைக்குடியில் கேட்டால், "சத்தம் வரட்டும்ணே, மொத்த ஆக்ஸிலையும் மாத்திடலாம்" என்கிறார்கள். நல்ல ஜாயின்டைக் கெடும்வரை விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸும் புது கிளாம்புகளும் வாங்கினேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சின்ன கிளாம்பை வெட்டி, ஊசியில்லாத சிரிஞ்சால் கிரீஸை ஏற்றினேன். அது பூட்டின் குறுகிய வாயிலேயே தங்கிவிடுகிறது. சக்கரத்தைக் கையால் சுற்றியும் குண்டுகள் பக்கம் போகவில்லை. உள்ளே இருப்பது எந்த வகை கிரீஸ் என்றும் தெரியாது. பாலியூரியா வகையாக இருந்தால் லித்தியத்தோடு சேர்ந்து இளகிவிடக்கூடும்.

பெரிய கிளாம்பையும் எடுத்து, பூட்டைப் பின்னுக்குத் தள்ளி, ஆக்ஸில் வண்டியில் இருக்கும்போதே பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதுசு அடைத்தால் போதுமா, இல்லை கழற்றிக் கழுவித்தான் போடவேண்டுமா?