டிராக்டர்ல இருக்கிற ஓட்டை எல்லாத்துலயும் குளவி மண்ணு வச்சு அடைக்குது, என்ன பண்றது?

மேட்டாங்காடு
எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட கொட்டகை கிடையாது, டிராக்டர், விதை போடுற சீட் டிரில், மருந்து அடிக்கிற பூம் ஸ்ப்ரேயர் எல்லாமே வெட்டவெளியிலதான் நிக்குது. ஒரு மூணு வாரம் வேலை இல்லாம நின்னுச்சு, எடுத்து பார்த்தா பானட்டுக்கு அடியில, சீட்டுக்கு கீழ, ஹைட்ராலிக் ஓஸ் மாட்டுற கப்ளிங் வாயில எல்லா இடத்துலயும் மண்கூடு. கண்ணுக்கு தெரிஞ்சத எல்லாம் சுரண்டி போட்டுட்டேன். ஆனா இப்ப புதுசா ஒரு தலைவலி, வண்டி பதினஞ்சு நிமிஷம் நல்லா ஓடுது அப்புறம் மூச்சு வாங்குற மாதிரி முக்கி முக்கி நின்னுடுது, கொஞ்ச நேரம் சும்மா விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு, லைன்ல ஏர் எடுத்தாச்சு, மெக்கானிக் பம்ப்ப கழட்டணும்ங்கிறாரு. இது ஒரு பக்கம்னா சீட் டிரில்ல ரெண்டு குழாய்ல விதையே இறங்கல, பாதி வயல் போனப்புறம்தான் கவனிச்சேன். பூச்சி வராம இருக்க ஏதாவது வழி இருக்கா?

டீசல்புகை
பம்ப்ப தொடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. அடுத்த தடவ வண்டி நிக்கும்போது உடனே டேங்க் மூடிய மெதுவா திருகி பாருங்க. உஸ்ஸுன்னு காத்த உள்ள இழுக்கிற சத்தம் கேட்டுச்சுன்னா டேங்க்கோட காத்துவழி அடைச்சிருக்குன்னு அர்த்தம். டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்கு வெளிக்காத்து வரணும், வரலைன்னா உள்ள வேக்கம் ஆகி டீசல் வராது. வண்டி நின்னப்புறம் கொஞ்சம் கொஞ்சமா காத்து கசிஞ்சு உள்ள போயிடும், அதான் திரும்ப ஸ்டார்ட் ஆகுது. சில வண்டில மூடிலயே சின்ன ஓட்டை இருக்கும், சிலதுல டேங்க் மேல இருந்து தனியா ஒரு ஓஸ் கீழ இறங்கும், அதோட நுனிய பாருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, கம்ப்ரஸர் காத்து அடிச்சிடாதீங்க, மண்ணு மொத்தமும் டேங்க்குக்குள்ள போயிடும். ஓஸ கழட்டி எடுத்துட்டு கம்பியால வெளிப்பக்கமா இழுங்க.

கருக்காவேலி
எதுக்கு இவ்ளோ யோசனை, நல்ல பூச்சிமருந்தா வாங்கி வண்டி பூரா அடிச்சு விடுங்க, முடிஞ்சது.

கூட்டுக்காரன்
@கருக்காவேலி மருந்து அடிச்சா இன்னிக்கு இருக்கிறது சாகும், அடுத்த வாரம் வேற ஒண்ணு வரும். நம்ம கை படுற ஸ்டீரிங்லயும் சீட்டுலயும் மருந்து நிக்கும், அதான் மிச்சம்.

முதல்ல எந்த குளவின்னு பாருங்கப்பா. மண்கூடு கட்டுறது கூட்டமா வர்ற ஜாதி இல்ல, ஒத்த பொட்டைதான் வந்து கட்டும். சிலந்திய கொட்டி மயக்கி உள்ள அடுக்கி வச்சு, முட்டை போட்டு, வாய மண்ணால மூடிட்டு போயிடும். கூட்டுக்கு காவலும் நிக்காது, நம்மளா கையால புடிச்சாதான் கொட்டும். அதுக்கு வேண்டியது ரெண்டே பொருள், ஈரமண்ணும் சிலந்தியும். வண்டி பக்கத்துல ஒழுகுற பைப் இருந்தா சரி பண்ணுங்க, இல்ல வண்டிய தள்ளி நிறுத்துங்க, ஒட்டடைய அடிக்கடி தட்டி விடுங்க. அதுலயே பாதி குறையும். எல்லாரும் கூட்ட சுரண்டுறோம், சேறு எங்க இருந்து வருதுன்னு ஒருத்தரும் பாக்கறதில்ல!

தேன்கூடு மாதிரி அறை அறையா, காகிதத்துல செஞ்சாப்ல தொங்குச்சுன்னா அது வேற, அதுங்க கூட்டமா பாயும். அத பகல்ல சீண்டாதீங்க. பெட்ரோல் ஊத்துற வேலையும் வேண்டாம், சூடான இன்ஜின் மேல அத செஞ்சா குளவி போகும், கூடவே வண்டியும் போகும்.

பழையகியர்
ஓட்டைய அடைக்கிறதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, என் கதைய கேளுங்க. கியர்பாக்ஸ் பிரீத்தர்ல, அதான் உள்காத்து வெளிய போற ஓட்டைல, குளவி வரக்கூடாதுன்னு ரப்பர் கார்க் வச்சு அடைச்சேன், அறுவடை நேரம் வந்ததும் அத சுத்தமா மறந்துட்டு வண்டிய எடுத்துட்டேன். உள்ள ஆயில் சூடாகி காத்து வெளிய போக வழி இல்லாம ஆயில் சீல தள்ளிகிட்டு வந்துருச்சு, ஆக்ஸில் பக்கம் பூரா ஆயில். குளவி பண்ண வேண்டிய வேலைய நானே பண்ணிட்டேன் 😂

அதனால மூச்சு விட வேண்டிய ஓட்டைக்கு எல்லாம் ஸ்டீல் வலைய சின்னதா வெட்டி கிளாம்ப் போட்டு கட்டிடுங்க, தூசி ஏறுச்சுன்னா அப்பப்ப பிரஷ்ஷால தட்டணும், அவ்ளோதான். சைலன்சர் வாய், ஸ்ப்ரேயர் ஓஸ், சீட் டிரில் குழாய் இதெல்லாம் நிக்கும்போது மட்டும் மூடினா போதும், ஆனா ஒவ்வொரு மூடிக்கும் ஒரு சிவப்புத்துணி கட்டி தொங்க விட்டு, எத்தன மூடின்னு எண்ணி சாவில ஒரு அட்டைல எழுதி கட்டிடுங்க. கப்ளிங்குக்கு டஸ்ட் கேப் தொலைஞ்சிருந்தா புதுசு வாங்கி போடுங்க, மண்ணோட சேத்து மாட்டினா வால்வுக்குள்ள போயி கீறி வச்சிடும்.

வெள்ளிமீன்
விமானத்துக்கே இந்த கதி நடந்திருக்குங்க. 1996 பிப்ரவரில டொமினிகன் குடியரசுல கிளம்பின ஒரு போயிங் 757 கடல்ல விழுந்து 189 பேரும் செத்துட்டாங்க. வேகத்த காட்டுற பிடாட் குழாய் அடைச்சிருந்தது, பல நாள் நின்ன விமானம், மூடி போடாம விட்டிருக்காங்க. குழாய கடல்ல இருந்து எடுக்க முடியல, அதனால குளவிக்கூடுதான்னு சந்தேகத்தோட நிக்குது.

அப்புறம் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி வெளிய இருக்கிறவங்க எறும்பையும் பாத்துக்கங்க, உள்ள கரண்ட சேத்து விடுற காண்டாக்டர் பாயிண்ட்டுக்கு நடுவுல நசுங்கி நசுங்கி பாயிண்ட் ஒட்டாம போயிடும். கேபிள் நுழையிற ஓட்டைய கிளாண்ட் (கேபிள சுத்தி இறுக்குற மூடி) போட்டு இறுக்கிடுங்க. மெயின ஆஃப் பண்ணாம திறக்காதீங்க.

மேட்டாங்காடு
டீசல்புகை அண்ணே, நீங்க சொன்னதேதான்! பதினேழாவது நிமிஷம் நின்னுச்சு, மூடிய திருகினா உஸ்ஸுன்னு இழுக்குது. டேங்க் ஓஸ் நுனில விரல் நகம் அளவு மண்ணு, இறுகி சிமெண்ட் மாதிரி கிடக்கு. கம்பில இழுத்தா மண்ணுக்கு பின்னாடி சிலந்தி இல்ல, குட்டி குட்டி பச்சைப்புழு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்கு, ரெண்டு மூணு இன்னும் லேசா நெளியுது. அத பார்த்ததும் உடம்பு கூசிப்போச்சு.

கூட்டுக்காரன்
அது வேற ஜாதி, குழாய்க்குள்ளயே கூடு வைக்கிறது. அது புழுவத்தான் புடிக்கும், அதனால ஒட்டடை தட்டினா அதுக்கு உறைக்காது, வலை ஒண்ணுதான் வழி. உங்க பயிர்ல இருந்து புடிச்ச புழுவாத்தான் இருக்கும், அதனால அந்த குளவிய கொல்லாதீங்க. நாலஞ்சு மூங்கில் துண்ட ஒரு பக்கம் கணு இருக்கிற மாதிரி வெட்டி வண்டிக்கு தள்ளி கட்டி விடுங்க, இடம் புடிச்சதுன்னா அங்க போயிடும்.

மேட்டாங்காடு
சரிங்க, வலை கட்டியாச்சு, மூங்கிலும் வெட்டிட்டேன். வண்டி ஒரு மணி நேரமா நிக்காம ஓடுது. ஒழுகுற பைப்பும் இருக்கத்தான் செய்யுது, டிராக்டர் கழுவுறதுக்குன்னு நானே போட்டது. சீட் டிரில்ல இன்னும் பதினோரு குழாய் கழட்டணும், முதல் மூணுல ரெண்டுல மண்ணு இருந்துச்சு.