பசங்க எழுதுன இன்ஸ்ட்ரக்‌ஷன்ல தப்ப எப்படிச் சொல்றீங்க?

பர்கூர்க்காரன்:
வணக்கங்க. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல முதல் வருஷத்துக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். வீட்ல தெரிஞ்ச ஒரு வேலைய இன்ஸ்ட்ரக்‌ஷனா எழுதிட்டு வாங்கன்னேன், ஒரு பையன் அவங்க தோட்டத்துல சொட்டுநீர் ஃபில்டர் கழுவுறத எழுதிட்டு வந்தான். மூணாவது வரி, "தி ஃபில்டர் ஷுட் பி கிளீன்ட் ப்ராப்பர்லி". பக்கத்துல சிவப்புல "நாட் கிளியர்"னு எழுதிக் குடுத்தேன், அடுத்த வாரம் "வெரி ப்ராப்பர்லி"ன்னு மாத்திட்டு வந்து நிக்கிறான். 60 பேர்ல பாதி தமிழ் மீடியம், ஓசூர்ப் பசங்க சிலர் வீட்ல தெலுங்கு, கன்னடம். ராத்திரி 11 வரைக்கும் உக்காந்து திருத்துறேன், ஆனா நான் எழுதறது அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்லைங்க. நீங்கல்லாம் எப்படிச் சொல்றீங்க?

ஓசூர்_மேனுவல்:
நான் மிஷின் மேனுவல் எழுதற வேலைல இருக்கேன். "நாட் கிளியர்"னா அவனுக்கு மார்க் போச்சுன்னு மட்டும்தான் புரியும். "நான் இதப் படிச்சுட்டு ஃபில்டர் முன்னாடி நிக்கிறேன், மோட்டார் ஓடுது, மூடியத் தொறக்கட்டுமா?"ன்னு கேளுங்க, அவனே பதறிடுவான், பிரஷர் இறங்காமத் தொறந்தா தண்ணி மூஞ்சில அடிக்கும்னு உங்களவிட அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். மோட்டார நிறுத்து, வால்வத் தொறந்து பிரஷர எறக்கு, மூடியக் கழட்டு, வலைய பிரஷ் போட்டுக் கழுவு, வாஷர் சரியா உக்காந்துச்சான்னு பாருன்னு அவன் வாயிலயே வந்துடும். அப்புறம் ஏஎஸ்டி-எஸ்டிஇ100னு விமான மேனுவலுக்காக வந்த ஸ்டாண்டர்ட் ஒன்னு இருக்கு, அதுல செய்முறை வாக்கியம் 20 வார்த்தையத் தாண்டக்கூடாது, விளக்கம்னா 25. "சுருக்கமா எழுது"ன்னா முழிப்பாங்க, "20க்குள்ள"ன்னா எண்ணிப் பாத்துக்குவாங்க.

மெக்_மூணாம்வருஷம்:
தர்மபுரிங்க சார். எங்க மேடம் ஒருதடவ என் வரிய போர்டுல எழுதி இதுல என்ன தப்புன்னு கிளாஸயே கேட்டாங்க. பேர் சொல்லல, ஆனா எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. அந்த செமஸ்டர் முழுக்க நெட்ல இருந்து எடுத்துத்தான் எழுதுனேன். தனியாக் கூப்பிட்டுத் தமிழ்ல கேட்டிருந்தா சொல்லிருப்பேன் சார்.

பழைய_வாத்தியார்:
தம்பி சொல்றது மனசுக்குக் கஷ்டமா இருக்கு, நானும் அப்படிப் பண்ணிருக்கேன். ஆனா 60 பேரயும் தனியாக் கூப்பிட நேரம் எங்க இருக்கு. பாலிடெக்னிக்ல நான் பண்ணது, ஒருத்தன் எழுதுனத பக்கத்து பெஞ்சுக்காரன் படிச்சு, இருக்கிறத மட்டும் அப்படியே செய்யணும். வெர்னியர்னு நுணுக்கமா அளக்கற கருவி இருக்குல்ல, அதுல அளக்கறத எழுதச் சொன்னேன், ஜீரோ எரர், அதாவது மூடி வெச்சா ஜீரோ காட்டுதான்னு, பாக்கணும்னு ஒருத்தனும் எழுதல. வேணும்னே எரர் இருக்கிற வெர்னியராக் குடுத்தேன். அளவு தப்பா வந்ததும் எழுதுனவன் பேப்பரப் புடுங்கி அவனே ஒரு வரி சேத்தான், நான் வாயே தொறக்கல. பேப்பர்ல எழுதியே ஆகணும்னா ஒரு பேப்பருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்க, போதும்.

பர்கூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு அந்தப் பையனத் தனியாக் கூப்பிட்டு மோட்டார் ஓடுது, தொறக்கட்டுமான்னு கேட்டேன். "மோட்டார ஆஃப் பண்ணாம யாராச்சும் தொறப்பாங்களா சார்"னான். அத முதல் வரியா எழுதுப்பான்னு பேனாவக் குடுத்தேன், அங்கயே நின்னு எழுதிட்டான். தம்பி, உங்க மேடத்துக்காக நான் மன்னிப்புக் கேக்க முடியாது, ஆனா என் கிளாஸ்ல இனிமே அது நடக்காது.